ரசீது இருக்கிறதே, வாட்ச் என்னுடையதுதானே?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது டவுனை ஒட்டிய தாமான் (குடியிருப்பு) ஒன்றில் குடியிருக்கும் வாசகர் ஏழு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறார். வயது 54. செம்பனை ஆலையில் ஃபிட்டர். பெயர், ஆலை, வாட்ச் கம்பெனி எல்லாவற்றையும் மறைத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

காலையில் தோட்டத்துப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நேரம் தவறக் கூடாது என்று அப்பா வாங்கிய டிட்டோனி வாட்சில் தொடங்கிய ஆசை. இன்று ஒன்பது வாட்ச் வைத்திருக்கிறார். ஒரு ரொட்டி டின்னில் அரிசியைக் கொட்டி, அதற்குள் புதைத்து, பின் அறை அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறார். மனைவியைப் பொறுத்தவரை எல்லாம் நூறு, இருநூறு வெள்ளி (ரிங்கிட்) சாமான். போன வருஷம் வாட்ஸ்அப் குரூப்பில் பழக்கமான ஒருவரிடம் ஒரு செகண்ட் ஹேண்ட் வாட்ச் வாங்கினார். சுவிஸ் தயாரிப்பு. ஸ்டாப்வாட்சும் உண்டு, தேதி, கிழமை, மாதம், லீப் வருஷம் எல்லாம் தானாகவே மாறும் பெர்பெச்சுவல் காலண்டரும் உண்டு. விலை 68,000 வெள்ளி. 50 வயதில் எடுத்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் அது. ஈப்போவில் ஒரு காப்பிக் கடையில் கை மாறியது: 60,000 பேங்க் வழியாக, 8,000 ரொக்கம், அரைத் தாளில் ஒரு ரசீது. பெட்டி இல்லை, கம்பெனி தரும் உத்தரவாத அட்டையும் இல்லை. "வீடு மாறும்போது தொலைந்துவிட்டது" என்றாராம் விற்றவர்.

இந்தப் பிப்ரவரி 28ஆம் தேதி ராத்திரி இவர் தூங்காமல் உட்கார்ந்து, நள்ளிரவில் 28 என்ற எண் 29, 30, 31 எதையும் தொடாமல் நேராக 1-க்குத் தாவியதைப் பார்த்திருக்கிறார். அந்த மகிழ்ச்சியில் வாட்சை முன்னும் பின்னும் படம் எடுத்து குரூப்பில் போட்டார். மூன்றே வாரத்தில் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் போன் செய்து, அது தன் வீட்டில் திருடு போனது, தன்னிடம் அட்டையும் போலீஸ் ரிப்போர்ட்டும் இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள் என்கிறார். விற்றவர் போனை எடுப்பதில்லை. குரூப்பில் ஒரு புண்ணியவான், "சத்தமில்லாமல் சிங்கப்பூரில் தள்ளிவிடுங்கள்" என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

வாசகர் கேட்பது நான்கு. ரசீது இருப்பதால் வாட்ச் என்னுடையதுதானே? விற்றுவிடலாமா? எல்லா வாட்சும் சின்ன மகனுக்கு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு டின்னுக்குள் வைத்திருக்கிறேன், செல்லுமா? அடுத்த வருஷம் 55 ஆகிறது, மிச்ச இபிஎஃப் பணத்தில் டூர்பியோன் என்ற விலை உயர்ந்த ரக வாட்ச் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், தங்கத்தைவிட நல்ல முதலீடுதானே?

ஐயா,

இதைப் படிக்கும்போதும் அந்த வாட்ச் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். விற்காதீர்கள். சிங்கப்பூருக்கு வேண்டாம், பேங்காக்குக்கு வேண்டாம், பக்கத்து அடகுக் கடைக்கும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதல் கேள்வியிலிருந்து வருவோம், ஏனென்றால் அங்கேதான் பிடி இருக்கிறது.

ரசீதால் என்ன ஆகும், என்ன ஆகாது

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு ஆட்டை வைத்துச் சொன்னால் போதும். லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டை ராத்திரி ஒருவன் அவிழ்த்துக்கொண்டு போய் சந்தையில் விற்கிறான். வாங்கியவர் நல்ல மனுஷன், முழு விலை கொடுத்தார், ரசீதும் வாங்கினார். மறுநாள் ஆட்டுக்காரர் வந்து நின்றால் ஆடு யாருக்கு? ஆட்டுக்காரருக்குத்தான். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்வதும் இதுதான். நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்பதற்கு ரசீது சாட்சி. கொடுத்த ஆளுக்கு விற்கும் உரிமை இருந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை.

ஆனால் கோலாலம்பூர்க்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். வாட்ச் அவர் கையை விட்டு எப்படிப் போனது என்பதைப் பார்க்க வேண்டும். பூட்டை உடைத்துத் திருடியிருந்தால் நான் மேலே சொன்னதுதான். ஆனால் இந்த வாட்ச் உலகத்தில் இன்னொரு கதையும் அடிக்கடி நடக்கிறது. உரிமையாளரே ஒருவருக்கு விற்கிறார், அவர் கொடுத்த செக் திரும்பி வந்துவிடுகிறது, ஆத்திரத்தில் போலீஸுக்குப் போய் "வாட்ச் போய்விட்டது" என்கிறார். அது திருட்டு அல்ல, ஏமாற்று. ஏமாற்றி வாங்கியவனுக்கும், முதல் ஆள் அந்த விற்பனையை ரத்து செய்யும்வரை, ஒரு நொண்டி உரிமை இருக்கிறது. ரத்தாகும் முன் எதுவும் தெரியாமல், நல்லெண்ணத்தில் அவனிடம் வாங்கியவருக்கு நல்ல உரிமையே கிடைக்கும் என்கிறது அதே சட்டத்தின் 29ஆவது பிரிவு. ஆகவே அந்தப் போலீஸ் ரிப்போர்ட்டில் என்ன வார்த்தை எழுதியிருக்கிறது, எந்தத் தேதியில் எழுதியது என்பதில்தான் உங்கள் 68,000 வெள்ளியே நிற்கிறது. போனில் சொன்னதை நம்பாதீர்கள். நகலைப் பாருங்கள்.

நல்லெண்ணம் என்றேன். அதைக் கோர்ட்டில் எப்படிக் குடைவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் இந்த மாடல் 95,000 போகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "27,000 குறைவாகக் கிடைத்ததே, ஏன் என்று கேட்டீர்களா? பெட்டியும் அட்டையும் இல்லாத வாட்சுக்குக் காப்பிக் கடையில் ரொக்கம் கொடுத்தது ஏன்? பதினைந்து வருஷமாக வாட்ச் சேர்க்கிறீர்கள், ஃபுல் செட்டுக்கும் மொட்டை வாட்சுக்கும் வித்தியாசம் தெரியாதா?" எதிர்த்தரப்பு லாயராக நான் இருந்தால் இந்த மூன்றைத்தான் கேட்பேன். உங்களிடம் பதில் இருக்கலாம். பெட்டி இல்லாத வாட்ச் குறைந்த விலைக்குப் போவது வழக்கம்தான். அந்தப் பதிலை இப்போதே ஞாபகத்திலிருந்து எழுதி வையுங்கள்.

விற்பதும் வேண்டாம், தூக்கிக் கொடுப்பதும் வேண்டாம்

திருட்டுப் பொருளைத் தெரியாமல் வாங்கியவர் குற்றவாளி அல்ல. ஆனால் குற்றவியல் சட்டத்தின் 411ஆவது பிரிவு வாங்குவதோடு நிற்கவில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்று வைத்துக்கொண்டிருப்பதையும் அது சேர்த்துக்கொள்கிறது. அந்தப் போன் வருவதற்கு முன் உங்களுக்கு எதுவும் தெரியாது. வந்த பிறகு, "எனக்குத் தெரியாதே" என்று சொல்லும் வசதி போய்விட்டது. விஷயத்தை மறைத்து இன்னொருவருக்கு விற்றால், உங்களுக்கு விற்றவர் செய்ததையே நீங்கள் அவருக்குச் செய்கிறீர்கள். பணம் திருப்பிக் கேட்டு வழக்கு வரும், ஏமாற்றுப் புகாரும் வரும். குரூப்பில் யோசனை சொன்ன புண்ணியவான் அன்றைக்குக் கோர்ட்டுப் பக்கம் வரமாட்டார்.

பயந்துபோய் கோலாலம்பூர்க்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்றும் சொல்கிறேன். நீங்கள் போட்ட படத்தில் பின்மூடி தெரிகிறது, அதில் நம்பரும் தெரிகிறது. நம்பர் தெரிந்தால் அட்டை தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையான சொந்தக்காரராகவும் இருக்கலாம், உங்கள் படத்தைப் பார்த்துக் கிளம்பியவராகவும் இருக்கலாம். ஒரு சோதனை சொல்கிறேன். உயர்ந்த ரக வாட்சில் கூட்டுக்கு ஒரு நம்பர், உள்ளே இருக்கும் இயந்திரத்துக்குத் தனி நம்பர் இருப்பது வழக்கம். நீங்கள் படத்தில் காட்டாத அந்த உள் நம்பரை அவர் சொல்லட்டும். எங்கே, எப்போது சர்வீஸ் செய்தார் என்றும் சொல்லட்டும். கம்பெனியிடம் இந்த நம்பரைக் கொடுத்துக் கேட்டாலும், திருடு போனதாகப் பதிவு இருந்தால் தெரியவரலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை:

1. நீங்களே மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குப் போய் ரிப்போர்ட் கொடுங்கள். வாங்கிய தேதி, இடம், பேங்க் கணக்கு எண், போன் எண், கோலாலம்பூரிலிருந்து வந்த அழைப்பு, எதையும் விடாமல் சொல்லுங்கள். தானாகப் போனவருக்கும் தேடிப் பிடிக்கப்பட்டவருக்கும் நிறைய வித்தியாசம்.

2. வாட்சைப் போலீஸ் கேட்டால் கொடுங்கள். ஆனால் பறிமுதல் பட்டியலில் "கைக்கடிகாரம் 1" என்று மட்டும் எழுத விடாதீர்கள். கம்பெனி, மாடல், நம்பர், கண்ணாடியில் இருக்கும் கீறல்வரை எழுதச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் படம் எடுங்கள். யாருக்குத் திரும்பப் போக வேண்டும் என்பதை மாஜிஸ்திரேட் முடிவு செய்வார், உங்கள் பக்கத்தையும் அங்கே சொல்லலாம்.

3. அந்த வாட்ஸ்அப் குரூப்பை விட்டு இப்போது வெளியேறாதீர்கள், போனை மாற்றாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்த 8,000 வெள்ளிக்கு, அரைத் தாள் ரசீதைத் தவிர இருக்கும் ஒரே சாட்சி அந்த உரையாடல்.

4. விற்றவரின் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் போலீஸின் செமாக் மியூல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது இது, இருந்தாலும் இப்போது பார்ப்பதும் வழக்குக்கு உதவும்.

வாட்ச் போய்விட்டால் பணமும் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்ற உறுதி ஒவ்வொரு விற்பனையிலும் எழுதாமலே அடங்கியிருக்கிறது, அது 14ஆவது பிரிவு. அது பொய்யானால் 68,000 வெள்ளியையும் அவரிடம் திருப்பிக் கேட்கலாம். முதலில் லாயர் நோட்டீஸ். அப்புறம் மாஜிஸ்திரேட் கோர்ட், 100,000 வெள்ளிவரை அங்கேயே பார்க்கலாம். வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. பயனீட்டாளர் தீர்ப்பாயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதிகச் செலவில்லாத இடம்தான், ஆனால் வரம்பு 50,000 வெள்ளி, அதோடு விற்றவர் வியாபாரமாகச் செய்கிறவராக இருக்க வேண்டும். குரூப்பில் மாதம் நாலைந்து வாட்ச் விற்கிறவர் என்றால் "நான் தனி ஆள்" என்று அவர் தப்பிப்பது கஷ்டம். ஆனாலும் உங்கள் தொகைக்குக் கோர்ட்டே பொருத்தம். தீர்ப்பு வாங்குவது ஒன்று, அந்த ஆளிடம் பணம் இருப்பது வேறு. அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

டின்னுக்குள் இருக்கும் தாள்

அந்தத் தாள் உயில் ஆகாது ஐயா. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி நீங்கள் கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடன் இருக்க வேண்டும், அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. உங்கள் தாளில் சாட்சியே இல்லை.

தாள் செல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் வரும். மனைவி, மூன்று பிள்ளைகள், தோட்டத்து வீட்டில் 79 வயதில் அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்கு கால் பங்கு, அம்மாவுக்கு கால் பங்கு, மீதிப் பாதியைப் பிள்ளைகள் மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். சின்ன மகனுக்கு வருவது ஆறில் ஒரு பங்கு. ஒன்பது வாட்சில் ஒன்றரை.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. வீடு உங்கள் பேரில் இருப்பதால் நாளைக்கு நில அலுவலகத்தில் பங்கீட்டு விசாரணை நடக்கும், சொத்துப் பட்டியல் கேட்பார்கள். அந்தப் பட்டியலில் ரொட்டி டின்னை யார் எழுதப் போகிறார்? மனைவிக்கு அது இருநூறு வெள்ளி சாமான். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரப் பையன் ஒருவன், "மாமா ஞாபகமா ஒண்ணு எடுத்துக்கட்டுமா அத்தை?" என்று கேட்டால், எடுத்துக்கோப்பா என்பார். இந்த மாதிரி இரண்டு குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் நகை, இன்னொன்றில் பழைய தபால் தலை.

வழி சுலபம். முறையான உயில் எழுதுங்கள், ஒவ்வொரு வாட்சையும் நம்பரோடு குறிப்பிடுங்கள். ஒன்றிரண்டை இப்போதே மகனுக்குக் கொடுக்க ஆசை என்றால், கையில் கொடுத்து, "இது உனக்கு" என்று ஒரு கடிதமும் கொடுங்கள், அது அன்பளிப்பாகச் செல்லும். திருட்டு என்று சொல்லப்படும் வாட்சை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், பிள்ளையை வம்பில் மாட்டிவிடும். வீட்டுக் காப்புறுதி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விலை உயர்ந்த பொருளைத் தனியாகச் சொல்லிச் சேர்க்காவிட்டால் சொற்பத் தொகைக்கு மேல் கிடைக்காது. பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

போகிற போக்கில் ஒன்று. அரிசி வேண்டாம். அதன் தூள் கிரௌன் (பக்கவாட்டில் இருக்கும் திருகு) இடுக்கு வழியாக உள்ளே போகலாம். நம் ஊர் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலமும் இறுக மூடும் பெட்டியும் போதும். ராத்திரி ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்றுவரை தேதியைத் திருத்தும் பொத்தானை அமுக்கவும் வேண்டாம். அந்த நேரத்தில் தேதிச் சக்கரங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும், அமுக்கினால் பல் உடையலாம். நான் வாட்ச் சேர்க்கிறவள் இல்லை, என் அப்பாவின் வாட்சை அப்படிக் கெடுத்தவள்.

இபிஎஃப் பணத்தில் டூர்பியோன்

நான் முதலீட்டு ஆலோசகர் அல்ல, ஆனால் சட்டத்தின் பக்கம் ஒன்று இருக்கிறது. இபிஎஃப்பில் இருக்கும்வரை அந்தப் பணத்தைக் கடன்காரர்கள் கோர்ட் வழியாகக்கூடத் தொட முடியாது. நீங்கள் பேர் கொடுத்தவருக்கு, உயிலுக்கும் பங்கீட்டுக்கும் காத்திராமல் நேரே போய்ச் சேரும். 55 ஆனதும் எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, விட்டு வைத்தால் டிவிடெண்ட் தொடர்ந்து வரும். அதையே எடுத்து வாட்சாக மாற்றினால், இந்தப் பாதுகாப்பெல்லாம் போய் ஒரு ரொட்டி டின் மிஞ்சும்.

தங்கத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். தங்கத்துக்கு அன்றன்றைக்கு விலை உண்டு, எந்த நகைக் கடையிலும் எடுப்பார்கள். வாட்சுக்கு, வாங்க ஆள் கிடைக்கும் அன்றைக்குத்தான் விலை. 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன செகண்ட் ஹேண்ட் விலைகள் அதற்குப் பிறகு நன்றாகவே இறங்கின. டூர்பியோன் என்பது 1801இல் பிரெகே என்ற கடிகாரக் கலைஞர் காப்புரிமை வாங்கிய அற்புதமான வேலைப்பாடு, சந்தேகமில்லை. சட்டைப் பையில் நின்றபடியே கிடக்கும் கடிகாரத்தைப் புவியீர்ப்பு இழுத்து நேரம் பிசகுவதைச் சரிக்கட்டச் செய்தது. நாள் முழுக்க ஆடும் மணிக்கட்டில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. சர்வீஸுக்குக் கொடுத்தால் மட்டும் பல ஆயிரம் கேட்கும்.

நீங்கள் உதாரணம் காட்டிய ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் வாட்சையே எடுத்துக்கொள்வோம். 2017இல் நியூயார்க் ஏலத்தில் 17.75 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது உண்மை. அது ரோலக்ஸ் டேட்டோனா, அதில் பெர்பெச்சுவல் காலண்டர்கூடக் கிடையாது. பின்னாடி மனைவி பொறித்துக் கொடுத்த வார்த்தை, நடிகர் அதை மகளின் அன்றைய நண்பருக்குக் கொடுத்தது, அவரிடமிருந்து ஏலத்துக்கு வந்தது என்று கை மாறிய ஒவ்வொரு கட்டமும் தெரிந்திருந்தது. விலை கொடுத்தவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். உங்கள் ஒன்பதில் அப்படிக் கதை முழுசாகத் தெரிந்த வாட்ச் ஒன்றே ஒன்றுதான், அப்பாவின் டிட்டோனி. அதற்கு நீங்கள் விலையே போடவில்லை.

ஆசையை விடச் சொல்லவில்லை. சட்டத்திலோ ஒழுக்கத்திலோ அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அடுத்த வாட்சைப் பெட்டி, அட்டை, விற்பவரின் ஐசி (அடையாள அட்டை) நகல், அவர் எங்கே வாங்கினார் என்ற தாள் எல்லாம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். முழுப் பணத்தையும் பேங்க் வழியாகவே கொடுங்கள்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் கேள்வி எண் போடாமல். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்தினம் சொல்லுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு வீட்டுக்குப் போன் வரலாம், கடிதம் வரலாம், அவர் அதை முதலில் பிரிக்கலாம். முதலில் 68,000 வெள்ளியைச் சொல்லிவிடுங்கள், மற்ற எட்டும் பிறகு. கோபப்படுவார். 50 வயதில் எடுத்த பணம் எங்கே போயிற்று என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருக்கும் என்றே நினைக்கிறேன். அதைவிட மோசமான எதையாவது இத்தனை நாளாக அவர் நினைத்துக்கொண்டிருக்கவும் கூடும்.

ரிப்போர்ட் கொடுத்ததும் அதன் எண்ணையும் தேதியையும் எழுதி அனுப்புங்கள். விற்றவருக்குப் போகும் நோட்டீஸில் அதைச் சேர்க்க வேண்டும். அரைத் தாள் ரசீதின் நகலையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கூடவே வையுங்கள்.